வீட்டில் படிப்பது வேறு, வீட்டோடு இருப்பது வேறு

திருமயம் கோட்டைப் பாறையில், வேலைநாள் ஒன்றின் காலை பத்து மணிக்கு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தால், படியேறி வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்பதுதான். "நான் வீட்லதான் படிக்கிறேன்" என்று பதில் வந்தால், கேட்டவர் முகம் சற்று மாறும். உடம்புக்கு முடியவில்லையோ, பெயிலாகிவிட்டதோ, வீட்டில் பணமுடையோ என்று மனம் ஓடும். அதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை என்று அவர் நகர்ந்துவிடுவார்.

அவருடைய ஐயத்தைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் "வீட்டில் படிக்கிறாள்" என்ற ஒரே தொடர் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கிறது. முதலாவது, பெற்றோர் முடிவெடுத்து, பிள்ளையின் சம்மதத்தோடு, பள்ளிக்கு அனுப்பாமல் தாங்களே திட்டமிட்டுக் கற்பிப்பது. இதைத்தான் வீட்டுக்கல்வி, ஹோம் ஸ்கூலிங் என்கிறார்கள். இரண்டாவது, ஏதோ காரணத்தால் பள்ளியை விட்ட பிள்ளை தனித்தேர்வராகப் பரீட்சைக்குத் தயாராவது. மூன்றாவது, படிப்பே நின்றுபோயிருக்க, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு "வீட்டில் படிக்கிறாள்" என்று சொல்லி வைப்பது. பெரும்பாலும் பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் இந்த மூன்றாவது நடக்கிறது.

முதல் இரண்டும் கல்வி, மூன்றாவது கல்வி மறுப்பு. வீட்டில் படிப்பது வேறு, வீட்டோடு இருப்பது வேறு. இந்த வேறுபாடு தெளிவாகாதவரை, வீட்டுக்கல்வியைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது நமக்கே தெரியாது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

புதுக்கோட்டையில் நடந்தது

இதற்கு எடுத்துக்காட்டு தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. திருமயத்திலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் போனால் போதும். 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். சிறு வயதில் பள்ளிக்குப் போன முத்துலட்சுமியை, பூப்பெய்திய பிறகு அந்தக் கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டோடு இருக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு.

ஆனால் அந்த வீடு படிப்பை நிறுத்தவில்லை. தந்தையின் பொறுப்பில் வீட்டிலேயே பாடங்கள் தொடர்ந்தன. 1902ஆம் ஆண்டு தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அடுத்து அவர் கேட்டது கல்லூரி. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் மருத்துவராக வெளியே வந்தார்.

பின்னாளில் அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானதும், ஔவை இல்லத்தை நிறுவியதும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்க வழிவகுத்ததும் நாடறிந்த செய்திகள். கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது. பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண் அவர் என்பதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

முத்துலட்சுமி பிறந்த மறு ஆண்டு, 1887 ஆகஸ்ட் 19 அன்று, திருமயத்தில் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. அவரும் அதே மன்னர் கல்லூரியில்தான் படித்தார். ஒரே சமஸ்தானம், ஒரே கல்லூரி, ஏறத்தாழ ஒரே வயது. பையனுக்கு அந்த வாசல் திறந்தே இருந்தது. பெண்ணுக்கு அதைத் திறக்க ஓர் அரசனின் ஆணை வேண்டியிருந்தது.

முத்துலட்சுமியின் கதையை வீட்டுக்கல்வியின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது பாதி உண்மை. அவர் பள்ளியை விட்டது விருப்பத்தால் அல்ல, கட்டாயத்தால். அந்தக் கட்டாயம் அவரை முடக்காமல் போனதற்குக் காரணங்கள் மூன்று. வீட்டுக்குள் சொல்லித்தரத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வீட்டுக்கு வெளியே, தந்தையின் பாசத்துக்கு இடம் கொடுக்காத பொதுத்தேர்வு ஒன்று இருந்தது. அதைத் தாண்டியதும் நுழைய ஒரு கல்லூரி வாசல் திறந்தது. ஆசான், தேர்வு, வாசல் ஆகிய இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் வீட்டோடுதான் இருந்திருப்பார். அவர் காலத்தில் அவரைப் போலவே நிறுத்தப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு இம்மூன்றில் எதுவுமே கிடைக்கவில்லை. இன்றைய வீட்டுக்கல்வியை எடைபோடவும் இதே மூன்று கேள்விகள்தான் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடக்கக் கல்வி பெறும் உரிமையை அது தருகிறது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியை அனுமதிக்கிறேன் என்றும் அது சொல்லவில்லை, தடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஆகவே 14 வயதுக்குள் வீட்டுக்கல்வி என்பது சட்டம் பெயர் சொல்லாத இடத்தில் நிற்கிறது. 14 முடிந்த பிள்ளைக்கு இந்தச் சட்டத்தின் கட்டாயம் இல்லை.

"சட்டப்படி எல்லாம் சரி" என்று அடித்துச் சொல்கிறவரையும், "இது குற்றம்" என்று மிரட்டுகிறவரையும் ஒருசேர நம்ப வேண்டாம். பிள்ளைக்குப் பத்து வயது என்றால், எடுக்கும் முடிவில் இந்தத் தெளிவின்மை கலந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட வழியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களுக்கு நடத்துகிறது. அதை எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வருக்கு 14½ வயது. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அதற்கான பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, அரசு குறிப்பிடும் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும். தேர்வு நெருங்கும்போது ஓடினால் நடக்காது.

மற்றொரு வழி, மத்திய அரசு 1989இல் ஏற்படுத்திய தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் நிறைந்தால் சேரலாம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். ஓவியம் போன்ற பாடங்களையும் தேர்ந்துகொள்ள முடியும். ஆனால் எந்தக் கல்லூரிக்கோ வேலைக்கோ போக எண்ணமோ, அங்கே இந்தச் சான்றிதழை எந்த நிபந்தனையோடு ஏற்கிறார்கள் என்பதை அந்த அமைப்பின் அறிவிப்பிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதையும் பிள்ளை பதினேழு வயதை எட்டிய பிறகு அல்ல, சேரும் முன்பே செய்ய வேண்டும்.

இழப்பு எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இருக்கிறது. சத்துணவு, விலையில்லாப் பாடநூல், மிதிவண்டி எல்லாமே பள்ளியின் வழியாகத்தான் பிள்ளைக்கு வருகின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இவை இல்லை. வசதி உள்ள வீட்டுக்கு இது பெரிதாகத் தோன்றாது. கூலிவேலை செய்யும் வீட்டுக்கு இது பிள்ளையின் எதிர்காலத்தையே மாற்றிவிடும் கணக்கு.

ஒரு நாளில் என்ன இருக்கிறது?

வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பொழுது எப்படிப் போகும் என்று பலர் இரக்கத்தோடு கேட்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் வீட்டுக்கல்வியில் பொழுது போதாமல்தான் இருக்கும். திருமயத்தில் அப்படி ஒரு பதினைந்து வயதுப் பெண் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவளுடைய நாளை நினைத்துப் பார்க்கலாம்.

காலையில் மூளை தெளிவாக இருக்கும் இரண்டு மணி நேரம் கணக்குக்கும் அறிவியலுக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு கணக்கு எல்லோருக்கும் புரியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது புரியாமலே அடுத்ததற்குத் தாவ வேண்டும். ஒருத்தியாகப் படிக்கும்போது இரண்டும் இல்லை. புரிந்ததை ஒரு நாளில் முடிக்கலாம், புரியாததோடு ஒரு வாரம் மல்லுக்கட்டலாம். பிறகு மொழிப்பாடம், வாசிப்பு. வெயில் ஏறும் முன் கோட்டைக்கோ கண்மாய்க் கரைக்கோ போய் வருவது. கண்மாயில் நீர் நிற்கும் மாதங்களில் எந்தப் பறவை எந்த வாரம் வந்தது என்று தேதி போட்டு எழுதிவைப்பது பொழுதுபோக்குப் போலத் தெரியும். மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதினால் அந்த நோட்டே அறிவியல்.

மாலையில் சிலம்பம். அங்கே பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள் என்பதால் தோழமைக்கும் அதுவே களம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கஞ்சிரா. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர் வழியில் வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளையின் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது புதுக்கோட்டை. கைக்குள் அடங்கும் அந்தத் தோற்கருவியை எடுத்து வாசிக்கும் பிள்ளை, தன் மண்ணின் இசை வரலாற்றையும் சேர்த்துத்தான் பழகுகிறது. சனிக்கிழமை பேருந்து ஏறித் திருக்கோகர்ணம் போனால் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்த ஞானாலயா நூலகமும் புதுக்கோட்டையில்தான் இருக்கிறது.

நாள் முழுக்க ஓடியாடினாலே கல்வி ஆகிவிடாது. பத்து வகுப்புகளுக்கு ஓடும் பிள்ளை எதையும் கற்காமல் இருக்கக்கூடும். ஆகவே ஒரு சிறிய ஒழுங்கு வேண்டும். அன்றன்று என்ன படித்தாள், எங்கே தடுக்கியது, யாரிடம் கேட்டாள் என்று தேதியோடு நான்கு வரி எழுதும் நாட்குறிப்பு. மாதம் ஒருமுறை அதை வீட்டார் அல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ நூலகராகவோ இருக்கலாம், படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் தெரியாத குறை அந்தக் கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

பாறையே பாடநூல்

வரலாறு படிக்கும் பிள்ளைக்குத் திருமயத்தைப் போல வாய்த்த ஊர் குறைவு. ஊர் நடுவே நிற்கும் ஒரே பாறை பல நூற்றாண்டுகளைச் சுமக்கிறது. உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள்: சத்தியகிரீசுவரர் கோவிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோவிலும். ஊரின் பழம்பெயர் திருமெய்யம். மெய் என்ற தமிழ்ச் சொல்தான் வடமொழியில் சத்தியமாகி இரண்டு கடவுளர் பெயரிலும் நிற்கிறது. ஊரில் பிறந்த தலைவரின் பெயரிலும் அதுவே.

முதல் பாடத்தைக் கோட்டையிலேயே தொடங்கலாம். இதை ஊமையன் கோட்டை என்று சொல்லும் வழக்கம் உண்டு. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையோடு இணைத்துப் பல கதைகள் உலவுகின்றன. பிள்ளை அந்தக் கதையைக் கேட்கட்டும், ரசிக்கட்டும். பிறகு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். கோட்டையைக் கட்டியவர் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி, ஆண்டு 1687. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பியது 1801 பிப்ரவரி, அவர் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 16. கோட்டை எழுந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே ஊமைத்துரையின் போர் நடந்திருக்கிறது. ஆக, பெயர் அவருடையதாக இருந்தாலும் கோட்டையைக் கட்டியவர் அவர் அல்லர். அப்படியானால் அந்தப் பெயர் ஏன் மக்கள் வாயில் நிலைத்தது? இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கும் நாளில் பிள்ளை வரலாற்று மாணவியாகிறாள். மனப்பாடம் செய்து மூன்று மதிப்பெண் வாங்குவதற்கும் இதற்கும் தொலைவு அதிகம்.

அடுத்தது கல்வெட்டு. தமிழ் படிக்கத் தெரிந்தவரெல்லாம் கல்வெட்டைப் படித்துவிட முடியாது. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் வழக்கமும் இல்லை. "பொன" என்று கல்லில் இருந்தால் அது பொன்னாக இருக்கலாம், "போன" என்ற சொல்லாகவும் இருக்கலாம். எது என்று முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒரு மாணவி தான் எழுதும் பத்து வரியைப் புள்ளியெல்லாம் எடுத்துவிட்டு, இடைவெளியும் இல்லாமல் எழுதி, ஒரு வாரம் கழித்துத் தானே படித்துப் பார்த்தால் இந்தக் கஷ்டம் விரல் நுனியில் விளங்கும். கல்வெட்டைப் படித்துச் சொன்னவர்களின் உழைப்பும் அப்போதுதான் தெரியும். புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலத்தொகுப்பு 1929இலேயே அச்சாகிவிட்டது. எழுத்து பிடிபடாத இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நூல் இருக்கிறது.

இந்தப் பாறையில் இரண்டு எழுத்துச் செய்திகள் முக்கியமானவை. ஒன்று, குடுமியான்மலையில் உள்ள புகழ்பெற்ற இசைக் கல்வெட்டைப் போலவே இங்கும் சிவன் குடைவரையில் ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னாளில் அதைச் செதுக்கி அழித்துவிட்டு வேறு கல்வெட்டு வெட்டினார்கள். இன்று எஞ்சியிருப்பவை சில சொற்களே. இன்னொன்று, 1245ஆம் ஆண்டு நிகழ்ச்சி. சிவன் கோவிலாருக்கும் பெருமாள் கோவிலாருக்கும் இடையே வருவாய்ப் பங்கு குறித்து நெடுநாள் வழக்கு இருந்தது. ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் இரு தரப்பாரையும் ஊராரையும் கூட்டிவைத்து அதைத் தீர்த்தார்கள். தீர்ப்பைக் கல்லிலும் பதித்தார்கள். தெய்வங்கள் ஒரே பாறையில் அமைதியாக இருக்க, மனிதர்கள் பங்குக்காக மோதியதையும், பின் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டதையும் ஏறக்குறைய 780 ஆண்டுகளாக இந்த ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

பக்தியும் ஆராய்ச்சியும் ஒரே மனத்தில்

வீட்டுக்கல்வியை நாடும் பெற்றோரில் ஒரு பகுதியினர், பிள்ளைக்குச் சமயப் பயிற்சி தர நேரம் வேண்டும் என்று சொல்கிறார்கள். அது நியாயமான விருப்பம். தேவாரத்தை ஓதுவாரிடம் பண்ணோடு கற்கலாம். பிரபந்தத்தைச் சந்தை முறையில், ஆசான் ஒரு முறை சொல்ல மாணவர் இரு முறை சொல்லி, வாய்ப்பாடமாக ஏற்றலாம். திருமங்கையாழ்வார் பாடிய தலம் திருமயம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மதரசாவில் ஓதும் பிள்ளைக்கும், ஞாயிறு மறைக்கல்விக்குப் போகும் பிள்ளைக்கும் இதே மாதிரி நிதானமான நேரம் வேண்டும். அதிகாலையில் ஓதிய பாடல் ஆயுள் முழுக்க நினைவில் தங்கும்.

ஆனால் ஓர் அச்சமும் கூடவே எழுகிறது. நம்பிக்கையை வீட்டிலேயே ஊட்டினால் பிள்ளை வேறெதையும் கேட்காமல், வேறு யாரையும் அறியாமல் வளர்ந்துவிடாதா? வரலாறு படிக்கச் சொன்னால் நம்பிக்கை குலைந்துவிடாதா? இந்த இரண்டு பயத்துக்கும் பெருமாள் சன்னதியில் நின்றே விடை காணலாம். பாறையைக் குடைந்து, அதே பாறையில் வடித்த மிகப் பெரிய பள்ளிகொண்ட கோலம். ஆதிசேஷன் நஞ்சையும் தீயையும் உமிழ, மது கைடபர் என்ற அசுரர்கள் அஞ்சி ஓடும் காட்சி சுற்றிலும் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே கைகூப்பி நிற்கும் பெண், "எனக்கு நீயே துணை" என்கிறாள். வெளியே வந்து நோட்டைத் திறக்கும் அதே பெண், "இதை எந்த நூற்றாண்டில் குடைந்திருப்பார்கள், எந்தச் சான்றைக் கொண்டு சொல்கிறார்கள்?" என்கிறாள். முன்னது வேண்டுதல், பின்னது விசாரணை. ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இருக்கக் கூடாது என்று யாரும் விதிக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. நம்பிக்கையை ஆண்டுக் கணக்காகவும், ஆண்டுக் கணக்கை நம்பிக்கையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தன் சமயத்தை ஆழமாகப் படிக்கும் பிள்ளை பிறர் சமயத்தையும் நேரில் பார்க்க வேண்டும். அதற்கும் இந்த வட்டாரம் வாகானது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. திருமயம் வட்டாரத்துக் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தாரும் போய் வருகிறார்கள். இவற்றையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைக்கு வீடு கூடாகும். பார்க்க விடாமல் வளர்த்தால் அதே வீடு கூண்டாகிவிடும்.

பள்ளி தரும் ஒன்று

வீட்டுக்கல்வியின் நன்மைகளைச் சொன்ன அதே மூச்சில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் பாடம் சொல்லித்தரும் இடம் மட்டும் அல்ல. வெவ்வேறு சாதி, சமயம், வசதியுள்ள வீடுகளின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் இடமும் அதுதான். அந்தப் பெஞ்சு எளிதில் கிடைத்ததல்ல, நீண்ட போராட்டத்தின் பலன். யாரோடு உட்காரக் கூடாது என்ற எண்ணத்தோடு ஒரு வீடு வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தால், பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்தக் கல்வி அடித்தளத்திலேயே பழுதுபட்டது.

இன்னொன்று, சுமை யார் தலையில் விழுகிறது என்பது. பெரும்பாலும் அது தாயின் தலையில்தான். சமையல், துணி, மாமியாரின் மருந்து எல்லாவற்றோடும் இயற்பியலும் சேர்ந்தால், தாயும் களைத்துப்போவாள், பாடமும் தேங்கும். தந்தை எத்தனை மணி நேரம் தருவார் என்று எழுதிவைக்காத வீடு வீட்டுக்கல்வியைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

பள்ளிக்கு வெளியே கற்பது நமக்குப் புதிதும் இல்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் புலவர்களைத் தேடிப் போய்ப் படித்து, பதினாறு வயதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், பகலெல்லாம் உழைத்த பெண்களுக்கு மாலையில் எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சைக்கிளில் ஏறிய அந்தப் பெண்களைப் பற்றி நாடே பேசியது. நம் காலத்தில் சென்னையின் குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டுச் சதுரங்கத்தில் மூழ்கி, 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுண்டு: கற்றது நான்கு சுவருக்கு உள்ளேயே நின்றுவிடவில்லை. ஆசானைத் தேடிப் போனார்கள், அல்லது ஆசான் தேடி வந்தார். கற்றதை ஊர் முன்னே காட்டினார்கள்.

ஆகவே, வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வதைவிட, குறிப்பிட்ட ஒரு வீட்டைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்பதே பயன் தரும். இந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தருபவர் யார்? வீட்டுக்கு வெளியே இவளைச் சோதிக்கும் தேர்வு எது, எந்த மாதம்? அதற்கு அடுத்து இவள் நுழையப்போகும் வாசல் எது? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த வீட்டுக்கு நூலக அட்டையும், அருங்காட்சியகத்தில் ஒரு வழிகாட்டியும், விளையாட்டுத் திடலில் ஓர் இடமும் கொடுத்து ஊர் துணைநிற்க வேண்டும். விடை தயங்கினால் உதவ வேண்டும். விடையே இல்லை என்றால், அங்கே பேச வேண்டிய பொருள் வீட்டுக்கல்வி அல்ல.

உங்கள் தெருவிலும் "வீட்லதான் படிக்குது" என்று சொல்லப்படும் பெண் ஒருத்தி இருக்கக்கூடும். அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது தலையசைத்துவிட்டு நகராதீர்கள். "எந்தப் பரீட்சைம்மா எழுதப் போற, எப்ப?" என்று அன்போடு கேளுங்கள். அவள் கண் மலர்ந்து பாடங்களை அடுக்கினால், உங்கள் வீட்டுப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். அவள் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தால், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். அது பிள்ளைகளுக்காகவே உள்ள இலவச உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள்.